ஜூலை மாதத்தில் கிளம்பிப் போன ஜூராகான் அக்கா

மலைக்கும் பெரிய ஏரிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் காரகோலில் ஜூலை மாதம் யாரும் ஊரைவிட்டுப் போவதில்லை. உலகமே முதுகில் பையை மாட்டிக்கொண்டு எங்களிடம் வந்து இறங்குகிற மாதம் அது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும் நாங்கள் நின்றுகொண்டு சாப்பிடுவோம், உட்கார்ந்துகொண்டு தூங்குவோம். அந்த மாதத்தில், அதுவும் தன் வீட்டில் பதினொரு பயணிகள் தங்கியிருக்கும்போது, ஜூராகான் அக்கா ஒரு கைப்பையோடு என் வேன் முன்னால் வந்து நின்றார்.

"கெமெல், என்னைப் பஸ் நிலையத்துல விட்டுடு."

"யாரைக் கூட்டிட்டு வரணும்?"

"யாரையும் இல்ல. நான்தான் போறேன். உஸ்பெகிஸ்தானுக்கு."

"அங்க யாராவது தவறிட்டாங்களா?"

"ஏன்டா, யாராவது செத்தாத்தான் நான் வீட்டைவிட்டு வெளிய போகணுமா? சுத்திப் பாக்கப் போறேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். பஸ் நிலையத்தில் இறங்கும்போது, "மேல் ரூம்ல இருக்கிற அந்த ரெண்டு பேரை நாளைக்கு மலைக்கு ஏத்திவிடணும், மறந்துடாதே" என்று மட்டும் சொன்னார்.

இருபது வருஷமாக அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டில் தங்குகிறவர்களை என் பழைய வேனில் மலை ஏற்றிவிடுவதும் இறக்கிக்கொண்டு வருவதும்தான் என் பிழைப்பு. அதனால் அந்த வீட்டில் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை. தெரியாமல் போனது இது ஒன்றுதான்.

அக்கா முன்பு டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தவர். அவர் கணவர் ஒரு பிப்ரவரி மாதத்தில் வாசல் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அந்த வருஷமே டெலிபோன் நிலையத்திலும் ஆளைக் குறைத்தார்கள். மகன் எசென் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அக்கா இரண்டு அறையைக் காலி செய்து, வாசலில் ஒரு பலகையைத் தொங்கவிட்டார். முதலில் வந்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள், புருஷன் பெண்டாட்டி. அவர்களுக்கு மூன்று வேளையும் இறைச்சி போட்டுத் திணறடித்தார். அவர்கள் இறைச்சி சாப்பிடாதவர்கள் என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது.

இரண்டு அறை நான்கானது. ஏழு கட்டில் பதினான்கானது. காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு, பாலாடை, ஆப்ரிகாட் பழ ஜாம், முட்டை. பிறகு விரிப்புகள். பதினான்கு விரிப்பு, பதினான்கு தலையணை உறை, தினமும். பதினெட்டுக் கோடையாக அதே கேள்விகள்: வெந்நீர் எந்தப் பக்கம் திருப்பினால் வரும், வைஃபை எண் என்ன, மேலே ஏரிக்கு எத்தனை மணி நேரம், மழை வருமா. மழை வருமா என்று கேட்கிறவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "வரும்" என்பார். வந்தால் அவர் சொன்னது சரி, வராவிட்டால் கேட்டவருக்குச் சந்தோஷம்.

எங்கள் ஊருக்கு வருகிற தனிப் பயணிகளில் பாதிப்பேர் பக்கத்து நாடான உஸ்பெகிஸ்தானிலிருந்து வருவார்கள், மீதிப்பேர் அங்கே போவார்கள். வந்தவர்கள் சொன்னதை அக்கா கேட்டுவைத்துக்கொண்டு போகிறவர்களுக்குச் சொல்லுவார். சமர்கண்டில் சதுக்கத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். புகாராவில் குளத்தங்கரை முசுக்கொட்டை மரத்தடியில் உட்காருங்கள். கீவாவுக்குப் பாலைவனத்து வழியாக ஷேர் காரில் போங்கள், தூங்கினால் தெரியவே தெரியாது. இப்படி அவருக்கு அந்த நாடே மனப்பாடம். ஒரு நாள் ஒரு பெண், "நீங்கள் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். அக்கா "ஆமாம்" என்றார்.

இதைப் பிற்பாடு என்னிடம் சொன்னபோது நான், "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"ஆமான்னு சொன்னா ஒரு வார்த்தையில முடிஞ்சிடும்டா. இல்லைன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொல்ற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் கிடையாது. அடுப்புல பால் வேற பொங்கிட்டு இருந்துச்சு."

அந்த ஒரு வார்த்தையோடு அது நிற்கவில்லை. அடுத்தவர் கேட்டார், அடுத்தவர் கேட்டார். பதினொரு வருஷத்தில் அக்கா புகாராவில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார், கீவாவில் கோபுரம் ஏறியிருந்தார், சமர்கண்டில் ஒரு கம்மலைத் தொலைத்திருந்தார். அந்தக் கம்மல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது.

இந்த ஜூனில் ஹென்ட்ரிகே என்று ஒரு டச்சுக்காரி வந்தாள். முப்பது வயசு இருக்கும். சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு விடாமல் கேட்டிருக்கிறாள். எந்த மாதம் போனீர்கள்? கோடையிலா? அந்த வெயிலிலா? தனியாகவா? அக்கா எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டிருக்கிறார். அவள் சட்டென்று எழுந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். தன் அம்மா ஒரு நாள்கூடத் தனியாக எங்கேயும் போனதில்லை, போகவேண்டும் போகவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே முடங்கிப்போய்விட்டாள், உங்களைப் பற்றி அவளுக்கு எழுதப்போகிறேன் என்று சொல்லி அழுதாள்.

அன்று பின்னேரம் மழை வந்தது. கொடியில் பதினான்கு விரிப்பும் நனைந்தன. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அவை நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்து எடுக்கவில்லை. மருமகள் ஆய்சுலூ கடையிலிருந்து ஓடி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்ன அத்தை, கண்ணு முன்னாடி நனையுது, பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?"

"கால் எந்திரிக்கல."

"உங்களுக்கு உடம்பு முடியலன்னா பாலிக்சில எங்க சின்னம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் படுத்துட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்."

அவள் சொன்னது ஏரியின் மறுகோடியில் இருக்கிற பாலிக்சியை. அக்கா கிளம்பியது உஸ்பெகிஸ்தானுக்கு.

மினிபஸ்ஸில் தலைநகர் பிஷ்கெக். அங்கிருந்து ஷேர் காரில் பன்னிரண்டு மணி நேரம், இரண்டு கணவாய் தாண்டி எல்லைப் பக்கத்து ஊரான ஓஷ். பின் சீட்டில் நடுவில் இடம். ஒரு பக்கம் மாட்டுத் தரகர் ஒருவர் தோளில் சாய்ந்து தூங்கினார், இன்னொரு பக்கம் உருளைக்கிழங்கு மூட்டை. இதைத்தான் நம் பயணிகளிடம் "அழகான பாதை" என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அக்காவுக்கு அப்போது நினைவு வந்ததாம். அவருக்கு ஜன்னலே தெரியவில்லை.

எல்லையை நடந்து கடக்கவேண்டும். வெயிலில் வரிசை. முன்னால் மூன்று வெள்ளைக்காரப் பிள்ளைகள், சிரித்துக்கொண்டே இரண்டு நிமிஷத்தில் போய்விட்டார்கள். அக்காவின் முறை வந்தது.

"யாரைப் பாக்கப் போறீங்கம்மா?" என்றான் அதிகாரி.

"யாரையும் இல்ல."

"வியாபாரமா?"

"இல்ல தம்பி."

"கல்யாணமா, துக்கமா?"

"சுற்றுலா."

அவன் பக்கத்து மேசைக்காரனைப் பார்த்தான். பக்கத்து மேசைக்காரன் அக்காவின் கைப்பையைப் பார்த்தான். இரண்டு முறை பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு உடுப்பு, ஒரு துண்டு, முட்டிக்குத் தடவும் களிம்பு, மூன்று காய்ந்த ரொட்டி. "சுற்றுலாவுக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டு விட்டுவிட்டார்கள்.

சமர்கண்டில் அவர் தங்கப்போன விடுதியின் முன்மேசையில் ஒரு பெண். அக்காவைப் பார்த்ததும், "சமையலுக்கு ஆள் எடுத்தாச்சு அக்கா. துணி துவைக்கன்னா பின்வாசல் பக்கம் போய்க் கேளுங்க" என்றாள். அக்கா பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தப் பெண் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள், பாவம். கேட்டுவிட்டுக் கொடுத்த அறை சமையலறைக்குப் பக்கத்து அறை.

சதுக்கத்துக்குக் காலையிலேயே போகவேண்டும் என்று அவர்தான் எல்லாருக்கும் சொல்லுவார். அன்று பயண அலுப்பில் அவரே எழுந்தபோது மணி பத்து. போய்ச் சேரும்போது தரை கொதித்தது. ஒரு பிரெஞ்சுக் குடும்பம் தங்களைப் படம் எடுக்கச் சொல்லி போனைக் கையில் கொடுத்தது. எடுத்தார். போனைத் திரும்ப வாங்கிக்கொண்ட அம்மாள், தலைத்துணி என்ன விலை என்று சைகையில் கேட்டாள். விற்கிறவர் என்று நினைத்துவிட்டாள். அக்கா தன் தலையில் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கொடுக்கப் போனாராம், விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்ததால்.

"அழகா இருந்துச்சாக்கா, அந்தச் சதுக்கம்?" என்று கேட்டேன்.

"நீலமா இருந்துச்சு. நான் உக்கார நிழல் தேடிட்டு இருந்தேன்."

புகாராவில் அவர் போய்ச் சேர்ந்தது மவ்ஜூதா என்பவர் நடத்துகிற வீடு. பழைய வீடு, நடுவில் முற்றம், திராட்சைப் பந்தல், பந்தலுக்குக் கீழே பெரிய மரக்கட்டில். மேலே ஐந்து அறை. மவ்ஜூதாவுக்கும் அக்கா வயசுதான் இருக்கும், ஐம்பத்தெட்டு. கணவர் ராஜப் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்வது மட்டும் அவர் வேலை, அதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்வார். மவ்ஜூதா மட்டும்தான் அக்காவிடம் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. "காத்து வர்ற ரூம் வேணுமா, சத்தமில்லாத ரூம் வேணுமா? ரெண்டும் சேந்து இல்ல" என்றார். அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலையிலேயே சண்டை. பழக்கதோஷம், அக்காவுக்கு ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. படுக்கையை மடித்தார். விரிப்பைக் கழற்றி மூலையில் வைத்தார். கீழே இறங்கி வந்து, கிடந்த துடைப்பத்தை எடுத்து முற்றத்தைப் பெருக்கினார். தேநீர் குடித்த கோப்பையைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்தார். மவ்ஜூதா மாவுக் கையோடு சமையலறையிலிருந்து வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு கோப்பைதான்."

"என் வீடு அழுக்கா இருக்கா?"

"ஐயோ, அப்படி இல்ல..."

"அப்புறம் எதுக்குப் பெருக்கினீங்க? நேத்து சாயங்காலம் நான் பெருக்கினது உங்க கண்ணுக்குப் பத்தலயா? விரிப்பை வேற உருவி வெச்சிருக்கீங்க. ஒரு நாள் படுத்ததுக்கு!"

"நானும் இதே தொழில்தாங்க. கை சும்மா இருக்கமாட்டேங்குது."

"அது உங்க வீட்டுல. இங்க கையைக் கட்டிட்டு உக்காருங்க. இல்லன்னா வேற வீடு பாத்துக்கோங்க."

உள்ளேயிருந்து ராஜப், "விடேன், பெருக்கினா பெருக்கட்டும். நல்லாத்தான் பெருக்கியிருக்காங்க" என்றார். "நீங்க டி.வி.யைப் பாருங்க" என்றார் மவ்ஜூதா.

அந்தச் சண்டையில் சாப்பிடாமல் அக்கா வெளியே போனார். குளத்தங்கரை, அங்கிருந்து கோபுரம், அங்கிருந்து கோட்டை. மனப்பாடமாக ஒப்பித்த வரிசை. நாற்பத்திரண்டு டிகிரி வெயில். கோட்டைச் சுவர் நிழலும் சுட்டது. எங்கள் ஏரிக்கரைக் குளிரில் வளர்ந்த உடம்பு. திரும்பி வரும்போது சந்து எல்லாம் ஒரே மாதிரி மண்சுவர், ஒரே மாதிரிக் கதவு. நான்காவது முறை அதே கதவைத் தாண்டியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறதாம்.

ஒரு முலாம்பழ வியாபாரி அவரைத் தூக்கித் தள்ளுவண்டியில் பழங்களுக்கு நடுவே உட்காரவைத்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி, "இந்த அம்மா உங்க வீட்டு ஆளா?" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறான். ஆறாவது கதவு மவ்ஜூதாவுடையது.

"எங்க வீட்டு ஆள்தான்" என்றார் மவ்ஜூதா.

அன்றைக்கு ராஜப்பும் எழுந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுபோய்க் கீழறையில் படுக்கவைத்தார்கள். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, வெயில்தான், ஐந்து நாள் அசையக்கூடாது என்று சொல்லிப் போனார். ஈரத்துணி, உப்புப் போட்ட மோர், கஞ்சி. மவ்ஜூதா ஒரு மணிக்கு ஒரு தரம் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அக்கா ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கப் பார்த்தார். மூன்றாவது முறை மவ்ஜூதா அவர் தோளைப் பிடித்து அழுத்தி, "எந்திரிச்சே, கட்டிலோட சேத்துக் கட்டிடுவேன்" என்றார். அதற்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

படுத்தபடி அக்கா அந்த வீட்டின் சத்தங்களைக் கேட்டார். தட்டு அடுக்குகிற சத்தம், மாடிப்படி ஏறி இறங்குகிற சத்தம், ஈர விரிப்பை உதறுகிற சத்தம். பதினெட்டு வருஷமாக அவரே எழுப்பிய சத்தங்கள். படுத்துக்கொண்டு கேட்டது இப்போதுதான். "அவ்வளவு சத்தம் போடுவோமாடா நாம?" என்று என்னிடம் கேட்டார். "யாரும் தூங்கியிருக்கவே மாட்டாங்க."

மூன்றாம் நாள் முற்றத்தில் ஒரு ஜெர்மன் ஜோடி மவ்ஜூதாவிடம் எங்கள் நாட்டைப் பற்றி விசாரித்தது அறைக்குள் கேட்டது. ஏரியில் காலையில் குளியுங்கள், மத்தியானம் காற்று வந்துவிடும், குதிரைப் பாலை முதல் நாளே நிறையக் குடிக்காதீர்கள் என்று மவ்ஜூதா சரளமாகச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தது. "நீங்கள் போயிருக்கிறீர்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அக்கா கதவுப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"இல்லை" என்றார் மவ்ஜூதா. "வந்தவர்கள் சொன்னார்கள். நான் எங்கே போவது?"

அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கஞ்சிக் கிண்ணத்தோடு மவ்ஜூதா வந்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். பொங்கிய பால், கம்மல், கீவாக் கோபுரம், கட்டிக்கொண்டு அழுத டச்சுக்காரி. மவ்ஜூதா கிண்ணத்தைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டார்.

"பதினொரு வருஷமாவா?"

"ஆமா."

"அந்தப் பொய்யை நிஜமாக்கவா இந்த வெயில்ல கிளம்பி வந்தே?"

"ஆமா."

"உனக்கு வெயில் ஊர்லயே தலைக்கேறிடுச்சு" என்றார் மவ்ஜூதா. பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கிண்ணத்திலிருந்து கஞ்சி சிந்தியது. அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று ராஜப் எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கம்மல் எந்தக் காதுல போட்டிருந்தே?" என்று மவ்ஜூதா கேட்டார், மறுபடியும் சிரித்தார்கள்.

ஐந்து நாள் முடிந்து மருத்துவர் நடக்கலாம் என்றார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கீவாவையும் பார்த்துவிடு என்று மவ்ஜூதாவே ஒரு ஷேர் காருக்குச் சொல்லிவிட்டார். முன் சீட்டு, ஜன்னலோரம். காலை ஆறு மணிக்குக் கார் வந்தது. உள்ளே அந்த ஜெர்மன் ஜோடி. அக்கா உடுத்தித் தயாராகிக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பந்தலடியில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தான்.

"போ, கார் நிக்குது" என்றார் மவ்ஜூதா.

"நான் போகல."

"தலை சுத்துதா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கேன். எனக்குப் பாக்க ஒண்ணும் வேணாம் மவ்ஜூதா. உன் வீட்டுல இன்னும் ரெண்டு நாள் படுத்துக்கிறேன். அவ்வளவுதான் வேணும்."

மவ்ஜூதா வெளியே போய்க் காரை அனுப்பிவிட்டு வந்தார். "பத்து மணிக்கு மேலதான் எந்திரிக்கணும். முன்னாடி எந்திரிச்சா சாப்பாடு கிடையாது" என்றார்.

அந்த இரண்டு நாளும் அக்கா பத்து மணிக்கு எழுந்தார். தட்டை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு நகர்ந்தார். முதல் நாள் அது கையை வெட்டிப்போட்டது போல இருந்ததாம். இரண்டாம் நாள் சுகமாக இருந்ததாம். இதற்கிடையில் ஆய்சுலூ போன் செய்தாள். வெந்நீர்க் கொதிகலன் வெடித்துவிட்டது, மாடியில் எட்டுப் பேர் சோப்பு நுரையோடு நிற்கிறார்கள் என்று கத்தினாள். "கெமெலைக் கூப்பிடு" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார். அந்தக் கொதிகலனோடு நான் அன்று முழுக்கப் பட்ட பாட்டைச் சொன்னால் இது என் கதையாகிவிடும்.

பதினாறாம் நாள் ஊர் வந்து சேர்ந்தார். இளைத்திருந்தார், முகம் கறுத்திருந்தது. வாசலில் ஆய்சுலூ நின்றிருந்தாள். அவளும் இளைத்திருந்தாள்.

"நல்லா சுத்திப் பாத்தீங்களா அத்தை?" என்றாள், குத்தலாக.

"ஒண்ணும் பாக்கல. படுத்திருந்தேன்."

"படுக்கறதுக்கா அவ்வளவு தூரம்? நான் பாலிக்சிக்குத்தானே போகச் சொன்னேன்!"

"பாலிக்சில உங்க சின்னம்மா என்னைப் படுக்க விட்டிருப்பாளா? தேநீரைப் போட்டுக் கொடுத்துட்டு, அப்படியே அந்த உருளைக்கிழங்கைக் கொஞ்சம் உரின்னு சொல்லியிருப்பா."

ஆய்சுலூவின் கண் உள்ளே போயிருந்ததை அக்கா அப்போதுதான் கவனித்தார். பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், "போ, போய்ப் படு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் உன் முகம் எனக்குத் தெரியக்கூடாது" என்றார். அவள் மறுத்தாள், பிறகு போய்ப் படுத்தாள். அன்று பதினான்கு விரிப்பையும் நானும் எசெனும் சேர்ந்துதான் மாற்றினோம். மூலை மடிக்கத் தெரியாமல் அக்காவிடம் திட்டு வாங்கினோம்.

அந்த ஆகஸ்டிலேயே அக்கா நான்கு அறையை இரண்டாகக் குறைத்துவிட்டார். எசென் சண்டை போட்டான், கட்டிலை வாங்கிப்போட்டதெல்லாம் எதற்கு என்று கேட்டான். ஆய்சுலூ அவனை அடக்கிவிட்டாள். ரொட்டி இப்போது கடையிலிருந்து வருகிறது. யாராவது கீவாவைப் பற்றிக் கேட்டால் "தெரியாது, போனவர்களைக் கேளுங்கள்" என்பார். புகாராவைக் கேட்டால் மவ்ஜூதாவின் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிடுவார். உண்மையை எழுதிப்போட ஹென்ட்ரிகேயின் விலாசம் அவரிடம் இல்லை. அது ஒன்றுதான் உறுத்துகிறது என்று சொன்னார், இரண்டு மூன்று தடவை.

செப்டம்பர் கடைசியில் எசென் போனைப் பார்த்துக்கொண்டே சமையலறைக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். அக்கா அடுப்புப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, யாரோ நம்ம வீட்டைப் பத்தி எழுதியிருக்கான். ரெண்டு நட்சத்திரம்தான் கொடுத்திருக்கான். படுக்கை சுத்தம், சாப்பாடு சுமார், வீட்டுக்கார அம்மா எப்பப் பாத்தாலும் களைப்பா இருக்காங்க, எந்திரிச்சு வந்து பேசறதே இல்லைன்னு போட்டிருக்கான். பதில் எழுதட்டுமா?"

"எதுக்கு? சரியாத்தானே எழுதியிருக்கான்" என்றார் அக்கா. காலை இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.